கொதிக்க வைத்த ஹைட்ரஜன் தண்ணீர்

நவம்பர் 12, செவ்வாய்

இவருடைய ஸ்கேனைக் காட்ட அடையாறில் டாக்டரிடம் போனோம். குடிப்பழக்கமே இல்லாதவருக்குக் கல்லீரலில் கொழுப்பு. குடல் பாக்டீரியாவைச் சீராக்கி ஈரலைக் காக்கும் என்று நம்பி இவர் வாங்கி வந்த ஹைட்ரஜன் தண்ணீரை, மூன்று மாதமாக நான் பழக்கதோஷத்தில் கொதிக்க வைத்தே கொடுத்திருக்கிறேன். கொதித்தால் அதில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் வாயு போய்விடுமாம்.

"கங்கையே வந்தாலும் இவ கொதிக்க வெச்சுதான் குடுப்பா டாக்டர்" என்று சிரித்தார்.

இவர் மருந்து வாங்கப் போனதும் டாக்டர், "அந்தத் தண்ணிய விடுங்கம்மா, அது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. ஈரல் இறுகிப்போச்சு, இனிமே பழையபடி ஆகாது. நீங்களே பக்குவமா சொல்லுங்க" என்றார்.

ஆட்டோவில் இவர், "எல்லாம் உன் தப்புதாண்டி. இனிமே அப்படியே குடு, ரெண்டே மாசத்துல சரியாயிடும்" என்றார். முகத்தில் அவ்வளவு தெம்பு.

"ஆமாங்க, என் தப்புதான்" என்றேன். நிஜமாகவே என் தப்பாக மட்டும் இருந்திருக்கக் கூடாதா.