திரையில் மூழ்கிய படகு

பாளையங்கோட்டை,
14.6.98

அன்புள்ள அம்மாவுக்கு மகள் கிறிஸ்டி தோத்திரம் சொல்லி எழுதுவது. மாதா துணையால் இங்கே விடுதியில் நான் சுகம். உங்கள் கால்வலி குறைந்ததா? அப்பா சுகமா?

நேற்று பள்ளிக் கணினி அறையில் சங்கரி டீச்சர் ஒரு விளையாட்டைக் காட்டினார்கள். மரம் வெட்டி, வீடு கட்டி, ஆட்களைப் பெருக்கிப் பழங்காலப் பேரரசு ஒன்றை உருவாக்க வேண்டும். மற்றவர்கள் வயல் போட்டார்கள். நான் நம்மூர்ப் பிள்ளையல்லவா, இருந்த மரத்தையெல்லாம் மீன்பிடிப் படகுகளாக்கினேன். நாம் போய்ப் பார்க்காத கடல் திரையில் கறுப்பாகவே இருக்கும். மீன் தேடி ஒரு படகைத் தனியாக அதற்குள் அனுப்பினேன். எதிரிக் கப்பல் அடித்து அது மூழ்கிவிட்டது. நான் அழுதுவிட்டேன்.

"ஏளா, படகுதான போச்சு? இன்னொண்ணு கட்டிரலாம்லா!" என்று டீச்சர் சிரித்தார்கள்.

அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கணினி சொல்லவே இல்லை, அம்மா.

இந்த ஆனிக் காற்றில் அப்பா துணை வள்ளம் இல்லாமல் ஆழத்துக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். வளன் மாமாவின் வள்ளத்தோடு சேர்ந்து போகச் சொல்லுங்கள். நான் சொன்னால் சிரிப்பார், நீங்கள் சொன்னால் கேட்பார்.

சோப்பும் கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். படிப்பு மணி அடித்துவிட்டது. என் முகவரி எழுதிய நான்கு தபால் கார்டுகளை இதனுடன் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் அப்பா கரை திரும்பிப் பூசைக்கு வந்ததும் ஒன்றில் அவர் கையெழுத்தை வாங்கி அனுப்புங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

உங்கள் மகள்,
கிறிஸ்டி