அரசி குனிந்த இடம்

பங்குனி, திங்கள் இரவு.

கோயில் வெளியில் இன்று நாடகம். என் பேரன் செல்லத்துரை சிறைப்பட்ட அரசி. அவளைப் பிடித்து வந்த பகை அரசன், பக்கத்து வளவுக் கந்தையாவின் மகன். எல்லைச் சண்டைக்குப் பிறகு அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சில்லை. வேலி இடைவெளியால் அவர்கள் நுழைந்து வந்துபோன பொட்டையும் நான்தான் அடைப்பித்தேன்.

அரசி அரசனின் காலில் விழவேண்டும். "அவன்ரை காலிலை விழுந்தியெண்டால் என்ரை படலையை மிதியாதை" என்று பேரனிடம் சொல்லியிருந்தேன்.

பிள்ளை விழாமல் விறைத்து நின்றான். நாடகம் பழக்கிய அண்ணாவியார் அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார். அரசியின் வாய் அரசனைத் திட்டியது. கண் அவனை விட்டு விலகவில்லை. அரசன் வாளோடு கிட்ட வந்தான். பிறகு வாளை வைத்துவிட்டுக் குந்தி, அவள் காலில் அவிழ்ந்திருந்த சலங்கையைக் கட்டினான். அரசியின் தலை தானாகக் குனிந்தது.

"ஆர் வெண்டது, ஆச்சி?" என்று பக்கத்தில் இருந்த பொன்னம்மா கேட்டாள்.

"பேசாமல் பாரடி."

நாடகம் முடிந்து வீட்டுக்கு வந்த பேரன் படலையைத் திறக்காமல் வெளியே நின்று, "உள்ளை வரலாமோ, ஆச்சி?" என்றான்.

"காலிலை விழேல்லைத்தானே. வா."

நாளை பழைய வேலியைப் பிரித்துப் புதிதாக அடைக்க ஆள் வரும். பொட்டு விட்டு அடைக்கச் சொன்னால் நான் குனிந்ததாகுமோ? முதலில் குந்தினது அவர்களுடைய பிள்ளைதானே.