முறிந்த வங்கிகளும் எங்கள் சீட்டும்

என் ஆசை அப்பாவுக்கு,

எஸ்பியர்க் நகர நூலகத்தில் திருப்பிக் கொடுக்கவென்று, பழைய வங்கிகளைப் பற்றி நீங்கள் இரவல் வாங்கிய புத்தகத்தை எடுத்தபோது, அதற்குள்ளிருந்த கடைத் துண்டுதான் முதலில் கண்ணில் பட்டது. பாலும் லீக்ஸும் வாங்கிய பற்றுச்சீட்டு, பக்க அடையாளத்துக்கு வைத்திருந்தீர்கள். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், திரும்பி வரவில்லை. அந்தப் பக்கத்தோடு நிறுத்திவிட்டீர்கள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆனாலும் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் சொன்னது மறக்கவில்லை. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் சில மாநில அரசுகள், வங்கி முறிந்தாலும் சனத்தின் காசு போகாது என்று உறுதி சொல்லி, எல்லா வங்கிகளிடமும் பணம் வாங்கி நிதி வைத்தன. ஒன்றிரண்டு முறிந்தபோது தாங்கியது. பல சேர்ந்து முறிந்தபோது நிதியே காலியானது.

"ஒழுங்கா நடந்தவன் களவாணிக்கும் சேர்த்துக் கட்டினான், பிள்ளை," என்று சிரித்தீர்கள். அம்மா சிரிக்கவில்லை. எல்லாரும் மாதாமாதம் போட்டு, முறைக்கு ஒருவர் எடுக்கும் எங்கள் சீட்டில், எடுத்த கையோடு ஒருவர் காணாமல் போனாரே. அவர் பங்கைக் கட்டியது நீங்கள்தானே?

போன ஞாயிறு சீட்டுப் போடுகிற எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள்.

"அண்ணை இல்லாமல் ஆர் பொறுப்பு நிக்கிறது? இத்தோடை நிப்பாட்டுவம்," என்றார் மணியம் மாமா.

"நீங்கள் எடுத்திட்டியள், நிப்பாட்டுவியள்தானே," என்றார் வசந்தி மாமி. அடுத்த முறை அவருடையது. அதை நம்பித்தான் ஊரில் தாயின் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார். முடிவை ஒரு கிழமை, அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைத்தார்கள். நான் குசினிக்குள்ளே அடுப்படியிலேயே நின்றேன்.

அந்தக் கிழமைதான் கடைத் துண்டுக்கு அப்பால் படித்தேன். இந்தியானா மாநிலத்தில் தனியே நிதி வைக்கவில்லையாம். வங்கிகள் ஒன்றுக்கொன்று பொறுப்பு நின்றன. அதனால் ஒன்றையொன்று கவனித்தன. பிழை விடுகிறவரை முன்னமே தடுக்க அவர்களிடம் சபையும் இருந்தது. அங்கே சனம் காசை இழக்கவில்லை. நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து இரண்டு பக்கம்தான் அப்பா. புரட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? இப்போது யாரிடம் கேட்பேன்?

இன்று எல்லாரும் மறுபடி வந்தார்கள். தேத்தண்ணீர்த் தட்டை வைத்தேன். உள்ளே ஓடவில்லை.

"மாமா, ஒராள் நிக்கத் தேவையில்லை. எல்லாரும் எல்லாருக்கும் நிக்கலாம். சீட்டுக் கணக்குக் கொப்பி ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு வீட்டிலை இருக்கட்டும். ஆராவது பிந்தினால் உடனை தெரியும்."

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். "எடி, உனக்குக் கதைக்கவும் தெரியுமோ?"

"அவள் தேப்பனைப் போலைதான் கதைக்கிறாள்," என்றார் மாமி.

மாமா தலையை ஆட்டினார். "சரி, கொப்பியைக் கொண்டு வா."

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அப்பா. கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் கொடுப்பேன். உங்கள் துண்டும் பக்கம் பக்கமாக என்னோடு சேர்ந்து நகரும்.

கொப்பியில் உங்கள் எழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே ஒரு கோடு கீறி, எல்லாரும் கையெழுத்து வைக்க இடம் விட்டு, பேனையை முதலில் மாமாவிடம் நீட்டினேன்.

உங்கள் கடைக்குட்டி,
யாழினி