பன்னிரண்டு வோல்ட் கேட்ட பெட்டி

ஒக்டோபர் 14, செவ்வாய்

ஜீவராணியின் ஹார்ட் டிஸ்க் சுழலவில்லை. ஹட்டனில் கணினி பழுதுபார்க்கும் கணேசமூர்த்தி காலையில் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார்.

அதில் சுலக்ஷனாவின் கல்யாண வீடியோ இருக்கிறது. வேறு பிரதி இல்லை. கல்யாணத்துக்கு மறுவாரமே அவள் தகப்பன் செல்லசாமி மாரடைப்பில் போய்விட்டார். அவர் நடந்து, சிரித்துப் பேசுகிற படம் அது ஒன்றுதான்.

ஜீவராணியின் வீடியோக் கடை நோர்வூட்டில் நான் பத்திரிகைக்குச் செய்தி எழுதும் அறைக்குப் பக்கத்துக் கதவு. "சனிக்கிழமை இடி இடிச்சதுல போயிருச்சு போலண்ணே" என்றாள். "இருக்கும்" என்றேன்.

இருக்காது. எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை அவள் வெளியே படம் எடுக்கப் போன இடத்திலிருந்து அழைத்தாள். டிஸ்க்கின் அடாப்டர் செத்துவிட்டது, வேறொன்றை மாட்டிவிட முடியுமா என்று. வேறு அடாப்டர் மாட்டலாமா என்று கணேசமூர்த்தியிடம் தொலைபேசியில் கேட்டேன். "முனை பொருந்துதா சார்? கரண்ட் கூடுதலா இருந்தாலும் ஒன்னும் ஆகாது." என் லப்டொப் அடாப்டர் பொருந்தியது. டிஸ்க் பெட்டியில் 12 என்றிருந்தது, அடாப்டரில் 19. கூடத்தானே இருக்கிறது? மாட்டினேன். கருகல் வாசனை. இடி வந்தது அதற்குப் பிறகு.

ஒக்டோபர் 15

மின் வேலை தெரிந்த ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கணேசமூர்த்தி சொன்ன கரண்ட், அம்பியர். நான் பார்த்த எண் வோல்ட். விளக்கு அணைந்தாலும் கரண்ட், கை சுட்டாலும் கரண்ட், பில் வந்தாலும் கரண்ட் — எல்லாவற்றுக்கும் இங்கே ஒரே சொல். அம்பியர் கூட இருந்தால் கருவி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வோல்ட் என்பது தள்ளுகிற அழுத்தம். கூடினால் உள்ளே இருப்பதை எரித்துவிடும்.

எந்த எண் கூடலாம் என்று ஒரு கேள்வி. அன்று நான் அதைக் கேட்கவில்லை.

ஒக்டோபர் 16

ஜீவராணியிடம் இன்றும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 17, வெள்ளி

சுலக்ஷனா கடை வாசலில் நின்று கத்தினாள். "இடி இடிக்கிறப்ப வயர கழட்டணும்னு தோட்டத்து லயத்துல இருக்கிற சின்னப் புள்ளைக்கும் தெரியும்! ஒங்களுக்குத் தெரியாதா அக்கா? அப்பா சிரிச்சது அது ஒன்னுதான் இருந்துச்சு."

ஜீவராணி தலைகுனிந்து நின்றாள். நான் தேநீர்க் கோப்பையோடு என் கதவில். வாய் திறந்தேனா? இல்லை. எத்தனை பேரின் மௌனத்தைச் செய்தியாக்கியிருக்கிறேன்!

ஒக்டோபர் 18

காலையில் கடை திறந்ததும் சொன்னேன். "இடி இல்லம்மா. நான் மாட்டுனது தப்பான அடாப்டர்."

ஜீவராணி கையிலிருந்த பூட்டை மேசையில் வைத்தாள். பிறகு: "இத்தன நாளா நான் வானத்த ஏசிக்கிட்டு இருந்தேன். நீங்களும் பக்கத்துல நின்னு ஆமா போட்டீங்க. அடுத்தவங்க சங்கதின்னா மட்டும் நாலு பேர்ட்ட விசாரிச்சு எழுதுவீங்க."

"கணேசமூர்த்திகிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"அவருக்கு உண்மையச் சொல்லுங்க, திரும்ப டிஸ்க்கப் பாக்கட்டும். சுலக்ஷனாகிட்டயும் நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் வர மாட்டேன்."

ஒக்டோபர் 19

சுலக்ஷனா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா அந்த அக்காவ அப்படிக் கேட்டிருப்பேனா?" என்றாள்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

நான் உண்மையைச் சொன்ன பிறகு கணேசமூர்த்தி திரும்பப் பார்த்துச் சொன்னது: வோல்ட் எகிறும்போது தன்னைப் பலி கொடுத்து, பின்னால் இருப்பதைக் காக்கிற சின்ன டயோட் ஒன்று டிஸ்க்கின் பலகையில் உண்டு. செத்தது அதுதான். கழற்றிவிட்டு, பன்னிரண்டு வோல்ட் கொடுத்தார். டிஸ்க் சுழல்கிறது. கோப்புகளின் பெயர்கள் தெரிகின்றன. கல்யாண வீடியோ திறக்குமா என்பது பிரதி எடுத்து முடித்த பிறகே தெரியும். வியாழன் பகல் என்கிறார்.

அன்று சுலக்ஷனாவும் ஜீவராணியும் ஹட்டனுக்குப் போகிறார்கள். என்னை அழைக்கவில்லை. வீடியோ திறந்தால் எனக்கு ஒரு டெலிபோன் கோல் எடுப்பாயா என்று ஜீவராணியிடம் கேட்டேன்.

"தொறந்தா அவ மொதல்ல பாக்கட்டும்ண்ணே," என்றாள்.