கியர் பெட்டிக்குள் புகுந்த காவிரி

மாப்பிள்ளை,

நாலு நாளாகச் சோப்புப் போட்டும் சாம்பல் போட்டும் கழுவிப் பார்த்துவிட்டேன், கையில் ஏறிய கியர் ஆயில் நாற்றம் போகமாட்டேன் என்கிறது. சோற்றைப் பிசைந்தால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது. உங்கள் சட்டையில் எப்போதும் இந்த வாசம்தானே.

உங்கள் படகு மோட்டாரின் கியர் பெட்டியைத் திறந்தேன். நீங்கள் கண்ணை மூடிய நாளிலிருந்து, ஏழு மாதமாக, அது மாட்டுக்கொட்டகையில் சட்டத்தின்மேல் நின்றபடியே கிடந்தது. அடித்திருகைத் தளர்த்தி டப்பாவைப் பிடித்தால், ஆயிலுக்கு முந்திக்கொண்டு தண்ணீர் வந்தது. கடைசியாக நீங்கள் அக்கரைக்குப் போய்வந்த அன்றைக்கு உள்ளே புகுந்து, அடியில் தங்கிவிட்ட ஆற்றுத் தண்ணீர். அதற்குப் பின்னால் ஆயில், பால் தூக்கலாக ஊற்றிய டீ நிறத்தில்; அதற்கு வேறு டப்பாவைப் பிடித்தேன். ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும்.

"பாதி போட்டுக்கலாங்களா, மச்சான்?"

நீங்கள் கேட்பது காதில் விழுந்தது. சரி, அரை டம்ளர். கொட்ட மனசு வரவில்லை, தண்ணீர் டப்பாவை ஓரமாக வைத்தேன்.

என் தங்கச்சியைக் கட்டிய நாளிலிருந்து என் பேச்சை அப்படித்தானே அளந்தீர்கள். ஆப்பிரிக்காவில் போர்வெல் போடும்போது சிங்கம் வந்து ரிக் வண்டியைச் சுற்றியது என்பேன். எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். நீங்கள் மட்டும் மெதுவாக, "பாதி போட்டுக்கலாங்களா?" என்பீர்கள். பாதி போட்டால் அது நாயாகிவிடும். எட்டாவது பெயிலானவன் எட்டு மாநிலம் ரிக் வண்டியில் சுற்றியது நிசம். இரும்பைத் தட்டி, சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வேன் என்பதும் நிசம். அதில் மட்டும் முக்கால் போட்டுக்கொள்ளுங்கள்.

மோட்டாரைத் திறக்கச் சொன்னது தங்கச்சிதான். உங்கள் மகள் ஓமலூரில் தன் வீட்டுக்கே வந்துவிடச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறாள். இவளுக்கு ஆற்றை விட்டுப் போக மனமில்லை.

"மோட்டாரு தேறும்னா படக நானே ஓட்டிக்கறேனுங்கண்ணா. தேறாதுன்னா மூட்டையக் கட்டிக்கறேன். அன்னைக்குக் கண்டுபுடிச்சவரு நீங்கதானுங்களே, நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அன்னைக்கு. அந்த ஒரு சொல்லுக்கு நான் ஸ்பேனரைத் தேடுகிறமாதிரித் திரும்பிக்கொண்டேன், மாப்பிள்ளை.

அந்த ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பரிசல் தள்ளிக்கொண்டிருந்த நீங்கள் மோட்டார் படகுக்கு மாறி ஒரு வருசம்கூட ஆகவில்லை. மறுநாள் முளைப்பாரியோடு ஊரே அக்கரைக்குப் போகவேண்டும், கியர் ஆயில் வெள்ளையாகிவிட்டது. எடப்பாடியிலிருந்து நான் வந்து இறங்கினேன். கரையில் நூறு பேர் கூடிவிட்டார்கள். சரி, பன்னிரண்டு பேர்.

நான் ஒரு விரலில் ஆயிலைத் தொட்டு, நாக்கில் வைக்காத குறையாக மோந்துபார்த்து, "ஹெட் கேஸ்கட் போச்சு" என்றேன். லாரியில் ஆயிலும் தண்ணியும் கலந்தால், எஞ்சின் தலைக்கடியில் இருக்கிற அந்தத் தகடுதானே போயிருக்கும். பத்து லாரிக்கு அப்படித்தான் தலையைப் பிரித்திருக்கிறேன். மோட்டாருக்கும் பிரிக்க ஆரம்பித்தேன்.

நீங்கள் பக்கத்தில் வந்து குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னீர்கள். "மச்சான், இதுல மேல எஞ்சினுக்குள்ள ஆயிலே நிக்கறதில்லீங்களே. பெட்ரோல்ல கலந்து எரிஞ்சு போயிருதுங்க. ஆயிலு இருக்கறது அடியில, தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்கற கியர் பொட்டீலதானுங்க. அப்பறம் மேல எப்படிங்க கலக்கும்?"

அந்தப் பன்னிரண்டு பேரும் கேட்கிறமாதிரி நான் சொன்னேன்: "பரிசல் தள்றவரு எஞ்சினப் பத்திப் பேசலாமுங்களா, மாப்பிள்ளை?"

கரையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டு நான் புளியமரத்தடியில் குறட்டை விட்டேன். எழுந்து வந்து பார்த்தால், தலையைப் பழையபடி பூட்டிவிட்டு நீங்கள் பின்பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறியைக் கழற்றியிருந்தீர்கள். அதன் பின்னால், தண்டில், தூண்டில் நரம்பு நூல்கண்டு மாதிரி சுற்றியிருந்தது. அது அறுத்து அறுத்து, தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் வளையத்தை, அந்த சீல் என்பதையே தின்றிருந்தது. கியர் பெட்டிக்குள் காவிரி புகுந்த வழி அதுதான். மேட்டூர் போய் சீல் வாங்கிவந்து நீங்களே மாட்டினீர்கள். ஓட்டம் பார்த்தோம். பூப்போல ஓடியது.

"எடப்பாடிக்காரரு கண்டுபுடிச்சுட்டாரா?" என்று கரையிலிருந்து ஒரு குரல்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் சொல்லுவேன் என்றுதான் பார்த்தீர்கள். இப்போது தெரிகிறது.

"பின்னே? நரம்பு சுத்தியிருந்துச்சு, ஒரே பார்வையில புடிச்சேன்" என்றேன்.

அன்றைக்கு மட்டும் நீங்கள் பாதி கேட்கவில்லை.

அந்தக் கதையை நான் சொல்லாத டீக்கடை இந்தப் பக்கம் இல்லை. சொல்லச்சொல்ல நரம்பு கயிறாகி, கயிறு வலையாகி, கடைசியில் மோட்டாருக்குள்ளிருந்து உயிரோடு ஒரு கெளுத்திமீனே வந்துவிட்டது.

இந்த முறை நான் மேலே கை வைக்கவில்லை. நீங்கள் செய்த வரிசைதான். முதலில் திருகின் வாஷர். அது நன்றாக இருந்தது. அப்புறம் விசிறி. பின்னால் பச்சை நரம்பு, ஒரு சாண் இருக்கும். சீலின் உதடு கிழிந்திருந்தது.

தங்கச்சி பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏனுங்கண்ணா, அன்னைக்கு மேலதானே பிரிச்சீங்க? இன்னைக்குக் கீழயே பாக்கறீங்க?"

சொல்லிவிட்டேன், மாப்பிள்ளை. கேஸ்கட், குறட்டை, எல்லாம். கரையில் சிரிக்கவிட்டதையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று பார்த்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன தையிலகூடச் சண்டையில சொன்னேனுங்கண்ணா. எங்கண்ணன் மட்டும் இல்லீன்னா நீங்க இன்னும் பரிசல்தான் தள்ளோணும்னு. எப்பச் சண்டை வந்தாலும் அதத்தான் சொல்லுவேன். ஒரு வார்த்தை சொல்லலீங்களே அந்த மனுசன். செரி, சோத்தப் போடுன்னாரு."

அந்தப் பச்சை நரம்பைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே, "அவரு இருக்கறப்பச் சொல்லியிருக்கலாமில்லீங்களா" என்றாள்.

எட்டு மாநிலம் பேசிப் பிழைத்த வாய் இது. மேட்டூருக்குச் சீல் வாங்கக் கிளம்பினேன்.

சீல் மாற்றினேன். கீழ்த் துளை வழியாக ஆயிலை ஏற்றி, மேல் துளையில் எட்டிப்பார்க்கும்வரை ஏற்றினேன், உங்கள் வழக்கம்போல. அன்றைக்கு ஓட்டிவிட்டு, ராத்திரி முழுக்க நிற்கவிட்டு, மறுநாள் காலை அடித்திருகைத் தளர்த்தினேன். முதல் சொட்டே ஆயில். தேன் மாதிரி. டப்பாவில் வைத்திருந்த தண்ணீரைத் தங்கச்சி நடு ஆற்றில் ஊற்றினாள். இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். வளைவில் உங்களைப்போலவே கொஞ்சம் முன்னதாகவே வேகத்தைக் குறைக்கிறாள்.

நேற்றுக் கரை டீக்கடையில் எல்லோரையும் உட்காரவைத்து நிசத்தைச் சொன்னேன். கண்டுபிடித்தது எங்கள் மாப்பிள்ளை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றேன். கெளுத்திமீனையும் எடுத்துவிட்டேன். கேட்டுவிட்டு ஒருத்தர் என் தோளைத் தட்டினார். "செத்தவரு பேரு நெலைக்கட்டும்னு விட்டுக் குடுக்கறீங்க. பெரிய மனசுங்க உங்களுக்கு." எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

குடிக்க முடியவில்லை. நிறமும் அந்த ஆயில் நிறம்தான்.

நாளைக்கும் போய்ச் சொல்லுவேன், அதற்கு அடுத்த நாளும். ஆயுசில் முதல்முறையாக முழுசையும் சொன்னேன், மாப்பிள்ளை. அவர்கள் பாதி போட்டுக்கொண்டார்கள். என் பேச்சில் எதைக் குறைக்கவேண்டும், எதை அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.