பின்னாடி வலது

மச்சான்,

இன்று மாலை கடையில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்தார்கள். புது பிளாஸ்டிக்கும் தெர்மோகோலும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. என் மகள் தன் அறைக் கம்ப்யூட்டருக்கு வயர்லெஸ் சரவுண்ட் ஸ்பீக்கர் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கடலூர் வீட்டு மாடி அறை உனக்குத் தெரியாததா? கட்டிலும் மேசையும் போட்ட பிறகு ஆள் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். கடைக்காரர் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று வைத்துவிட்டு, நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, "உக்காருங்க சார், சவுண்டு உங்கள சுத்தி வரும் பாருங்க" என்றார். நான் உட்காரவில்லை. பாப்பா உட்கார்ந்தாள். அவள் தலைக்குப் பின்னாலிருந்து மழை பெய்யும் சத்தம் கேட்டது. என் கை தானாகப் போய் நாற்காலியை முன்னால் இழுத்துவிட்டது.

"என்னப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நேரமாவுது" என்றேன்.

இதை நீ படிக்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். வாய்விட்டு உன்னிடம் பேசினால் என்ன ஆகும் என்று ஒரு முறை பார்த்துவிட்டேன். அதனால் இப்போதெல்லாம் எழுத்துதான் எனக்கு வசதி.

உன்னோடு கடை ஏறுவது ஒரு தண்டனை. கல்லூரியில் ஒன்றாகப் படித்தபோதே தெரியும், ஒரு செருப்பு வாங்க மூன்று சாயங்காலம் எடுப்பாய். பிறகு என் தங்கை ஜெசியைக் கட்டிக்கொண்டு மச்சானாகவே ஆகிவிட்டதால் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. சிதம்பரத்தில் நீங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில், ஜெசி ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் அந்தச் சின்ன அறைக்கு ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்று என்னைக் கடலூரிலிருந்து வரவழைத்தாய். பகலில் அவள் வகுப்பு, சாயங்காலம் உங்கள் இருவரின் சினிமா. வடக்கு வீதியில் ஆரம்பித்துப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு கடை விடவில்லை. எல்லாக் கடையிலும் அதே கேள்விதான்.

"வயர்லெஸ்னு சொல்றீங்களே, பின்னாடி ஸ்பீக்கருக்குக் கரண்ட் எங்கேர்ந்து வரும்? அதுக்கு வயர் வேணும்ல?"

ஒரு கடைக்காரர் சிரித்தார், ஒருவர் முறைத்தார். இன்னொருவர் இடுப்பளவு உயரமான ஒன்றைக் காட்டி, பாஸ் சத்தம் அதிர்ந்தால் நெஞ்சு குலுங்கும் என்றார். "நெஞ்சு குலுங்கறது இருக்கட்டும், கீழ் வீட்டு ஓனர் குலுங்கிட்டார்னா வீட்ட காலி பண்ணணும்" என்றாய். சின்ன அறைக்குச் சின்ன ஸ்பீக்கர்தான், காது உயரத்துக்கு வைக்க வேண்டும், நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்னால் வரும் சத்தத்துக்கு இடமே இருக்காது என்று எனக்கு வகுப்பு வேறு எடுத்தாய். நான் பசியில் தலையாட்டினேன்.

வாங்கியதில் ஒரு குறை இருந்தது. பின்னால் வைத்த இரண்டும் அடிக்கடி இணைப்பை விட்டுவிடும். ஜெசி பாதிப் படத்தில்தான் அதைக் கவனிப்பாள். அதற்கு நீ கண்டுபிடித்த வழி உனக்கே உரியது. உன் குரலைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாக ஓடும்படி வைத்தாய். முன்னால் இருக்கும் ஒரு ஸ்பீக்கர் "முன்னாடி இடது" என்று சொல்லும். அடுத்தது "முன்னாடி வலது." பிறகு முதுகுப் பக்கம் "பின்னாடி இடது." கடைசியாக "பின்னாடி வலது." நான்கும் கேட்டால் நான்கும் வேலை செய்கிறது என்று அர்த்தம். நாற்காலிக் கால்கள் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் கறுப்பு டேப்பும் ஒட்டினாய். என்னை அதில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டியபோது, பின்னாடி வலதுக்கு நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். நீ என் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய்.

எங்கள் அம்மாவின் கட்டளை ஒன்றை உன்னளவுக்கு யாரும் கேலி செய்ததில்லை, உன்னளவுக்கு யாரும் கடைப்பிடித்ததும் இல்லை. வெளியிலிருந்து யாராவது ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டால் எங்கள் வீட்டில் பதில் குரல் கொடுக்க மாட்டோம். உயிரோடு இருக்கிறவர்கள் மறுபடி கூப்பிடுவார்கள், மற்றது ஒரு தடவைதான் கூப்பிடும் என்பாள் அம்மா. பங்குச் சாமியார் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பிரசங்கத்தில் சொன்னபோது முதல் வரிசையில் உட்கார்ந்து பயபக்தியோடு தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும், "அவருக்கென்ன, கோயிலுக்குள்ள படுத்துக்கறாரு" என்றாள். அன்றிலிருந்து நீ வாசலில் நின்று "அத்தே, அத்தே, ஒரிஜினல் மருமவன்தான் வந்துருக்கேன்" என்று கத்துவாய். ஜெசியையும் இரண்டு முறைதான் கூப்பிடுவாய். சமையலறை நாலடி தூரத்தில் இருந்தாலும், "ஜெசி, ஜெசி."

சேத்தியாத்தோப்பிலிருந்து வண்டியில் திரும்பும்போது உனக்கு நெஞ்சு வலித்தது. ஓரமாக நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கீழே உட்கார்ந்தாயாம். பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்தச் சாவியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. அவ்வளவு நிதானமாக எவனாவது சாவானா?

உன்னைக் கடலூருக்குக் கொண்டுவந்து எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். முப்பதாம் நாள் பூசை முடியும்வரை வீட்டில் டிவி, ரேடியோ எதுவும் போடவில்லை. பூசை முடிந்த கையோடு, பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது என்று ஜெசி சிதம்பரம் கிளம்பிவிட்டாள். அத்தனை நாள் கழித்துக் கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறாள். நீ நான்கு மூலையிலிருந்தும் பேசியிருக்கிறாய்.

போனில் அழுதாள். அந்தப் பதிவை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "வேணாம்ணா. ஒரு நாளைக்கு ஒரு வாட்டி கேக்கறேன். அவ்ளோதான்" என்றாள். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. போட்டோவை மாட்டிவைப்பதில்லையா, அந்த மாதிரிதானே என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து மறுபடி போன் வந்தது. இந்த முறை அழவில்லை. சாதாரணமாக, கறிகாய் விலை சொல்வது போலச் சொன்னாள்.

"அண்ணா, அவரு கிட்ட வந்துட்டாரு."

"யாரு?"

"பின்னாடி வலதுல இருக்கறவரு. மொதல்ல செவுத்துக்கிட்ட நின்னு பேசுவாரு. இப்ப தோளுக்குப் பக்கத்துல."

நான் அடுத்த பஸ் பிடித்தேன். சிதம்பரத்தில் இறங்கும்போது நல்ல உச்சி வெயில். பஸ் ஸ்டாண்டில் எப்போதும் போலக் கூட்டம், ஆட்டோக்காரர்களின் கூச்சல். அந்தச் சத்தத்துக்குள்ளேயே கொஞ்ச நேரம் நிற்கலாமா என்று இருந்தது. வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், உன் வீட்டுப் படியேற எனக்குப் பயமாக இருந்தது.

ஜெசி பாதியாக இளைத்திருந்தாள். வகுப்பு நிறுத்திப் பல நாளாயிற்று என்று கீழ் வீட்டு அம்மா படியிலேயே சொல்லிவிட்டார்கள். கம்ப்யூட்டரைப் போடுவதும், நீ பேசி முடித்ததும் அணைப்பதும், மறுபடி போடுவதுமாக நாளெல்லாம் அதே வேலையாம். அறைக்குள் போனதும் எனக்கு விஷயம் புரிந்தது. நீ டேப் ஒட்டிய இடத்தில் நாற்காலி இல்லை. பின் சுவர்ப் பக்கம், வலது மூலையில் கிடந்தது. அந்த ஸ்பீக்கர் அவள் தோளை இடிக்கும். கீபோர்டு எட்டாமல் அதைத் தனியாக ஒரு முக்காலியில் இழுத்துவைத்திருந்தாள். டேப்பிலிருந்து மூலை வரைக்கும் தரையில் நாற்காலிக் கால் இழுபட்ட கீறல்கள். ஒரே இழுப்பில் போனதல்ல, கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது.

"அவரு வரல ஜெசி. நீதான் போயிட்டிருக்க. இங்க பாரு, தரைய பாரு" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள். நான் ஏதோ சின்னக் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டது போல என்னைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதானேண்ணா" என்றாள்.

இவளைக் கொஞ்ச நாள் இப்படியே விட்டால் இவளையும் உன் பக்கத்தில்தான் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துவிட்டது. அழுகிறவளைத் தேற்றலாம். கிளம்பத் தயாராகிவிட்டவளிடம் என்ன பேசுவது?

நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப்போட்டேன். இது வெறும் பதிவு என்று அவளுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். அவளை வாசற்படியில் நிற்கச் சொல்லிவிட்டு, நான் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டேன்.

முன்னாடி இடது. முன்னாடி வலது. பின்னாடி இடது. பின்னாடி வலது.

உன் குரல்தான். சளி பிடித்த மாதிரி கொஞ்சம் கரகரப்பு, கடைசி வார்த்தையில் சிரிப்பை அடக்கிக்கொள்கிற தொனி. என் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று எழுந்திருக்கப் போனேன்.

"ஜெசி."

வலது காதுக்குப் பின்னால் கேட்டது. சத்தமாக இல்லை. பக்கத்தில் நின்று கூப்பிடுகிறவனுக்கு எதற்குச் சத்தம்? நான் மூச்சுவிடாமல் காத்திருந்தேன், மச்சான். இன்னொரு தடவை கூப்பிடுவாய், நீ எப்போதும் இரண்டு தடவைதானே கூப்பிடுவாய் என்று காத்திருந்தேன். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

வாசற்படியில் நின்ற ஜெசியின் முகம் மலர்ந்திருந்தது.

"கேட்டுச்சாண்ணா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அந்த அறையில் தனியாகிவிடுவாள் என்று தோன்றியது. "கேட்டுச்சு" என்றேன். "ஆனா ஒரு வாட்டிதான் கூப்புட்டான். அம்மா என்னா சொல்லும்? ஒரு வாட்டி கூப்புட்டா பதில் சொல்லலாமா?"

"மொத வாட்டி கூப்புட்ட அன்னிக்கே நான் சொல்லிட்டேனே" என்றாள். "வர்றேன்னு."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. எழுந்து, அந்த வலது மூலையைப் பார்த்து, கல்லூரி நாளில் உன்னோடு சண்டை போட்ட குரலில் கத்தினேன். "டேய், அவ சொன்னது செல்லாது. அவ துக்கத்துல இருக்கா, ஒளறியிருக்கா. உனக்குத் தொணைக்கு ஆள் வேணும்னா நான் வர்றேன். என்னக் கூப்புடு. அவள விட்டுரு."

பின்னாடி வலது ஸ்பீக்கரின் சின்ன நீல விளக்கு அணைந்தது. இணைப்பு விட்டுப்போயிருக்கும், அது எப்போதும் செய்கிற கோளாறுதான் என்று நீயே சொல்வாய். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

ஜெசி தூங்கி எழுந்தவள் போல அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணா, பசிக்குது" என்றாள்.

கீழே தெருமுனை மெஸ்ஸில் இரண்டு சாப்பாடு வாங்கினோம். அவள் சாம்பாருக்கும் ரசத்துக்கும் மோருக்கும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே அவளைக் கடலூருக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

அந்தப் பதிவை என் போனில் ஏற்றிப் பலமுறை கேட்டுவிட்டேன். நான்கு வார்த்தைக்கு அப்புறம் அதில் ஒன்றுமே இல்லை. ஜெசி என்ற பேரே இல்லை. இதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது, தேடுவதையும் விட்டுவிட்டேன்.

ஜெசி இப்போது எங்கள் ஹாலில் உட்கார்ந்து வகுப்பு எடுக்கிறாள். தப்பாகக் கணக்குப் போடுகிற பிள்ளையைக் கம்ப்யூட்டர் வழியாகவே அதட்டுகிறாள். போன வாரம் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தபோது, உன் செருப்புக் கதையைச் சொல்லி அவளே சிரித்தாள். அந்த அறையில் நடந்ததைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

எனக்கு இருக்கிறது. சும்மா வாய்வார்த்தைக்குச் சொன்னேன் என்று பின்வாங்க மாட்டேன், சொன்னது சொன்னதுதான். பாப்பாவுக்கு இன்று முன்னால் வைக்கிற இரண்டு மட்டும் போதும் என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், தனியாகத் தர மாட்டார்களாம். செட்டாகவே வாங்கிவந்து மாட்டியாயிற்று. மேலே அவள் ஏதோ படம் போட்டிருக்கிறாள், சத்தம் கீழே வரைக்கும் வருகிறது. எனக்குச் சாவைப் பற்றிப் பெரிய பயமில்லை மச்சான், அங்கே நீ இருக்கிறாய், பேச்சுத்துணைக்குக் குறைவிருக்காது. ஆனால் அவள் இப்போதுதான் பிளஸ் ஒன். ஒரு படிப்பு முடித்து, ஒரு வேலையில் உட்கார்ந்து, அவளுக்கென்று ஒரு ஆள் வரும்வரைக்கும் தயவுசெய்து நீ வாயைத் திறக்காதே.