மண்ணெடுக்காதவர்

மதிப்பிற்குரிய பாபுஜிக்கு,

சிம்ரத்தின் சத் ஸ்ரீ அகால். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை, பள்ளிக்கூட வேலையும் பழகிவிட்டது.

"நம்ம ஜந்தேர் குலம் தோன்றின ஊரு, அங்க எல்லாரும் உனக்கு அண்ணன் தம்பிதான்" என்று சொல்லித் தைரியமாக அனுப்பினீர்கள். எனக்கு அதுதான் கவலையாகிவிட்டது. எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் நிர்வைல் சிங் இந்த ஊர்க்காரர். பெயரோடு குலப்பெயர் போடாதவர். ஒரே குலத்தில் நாம் சம்பந்தம் செய்வதில்லையே!

ஞாயிற்றுக்கிழமை குல முன்னோர் மேட்டில் திருவிழா. குலத்தார் எல்லாரும் குளத்து மண்ணை ஏழு பிடி எடுத்து மேட்டில் போட்டோம். நான் திரும்பினால், நிர்வைல் கரையில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் நிற்கிறார்.

"நீங்க மண்ணெடுக்கலையா?" என்றேன்.

நான் குடியிருக்கும் வீட்டுக்காரச் சித்தி சிரித்துவிட்டார். "இவன் எப்படி எடுப்பான்? பிரிவினையப்போ லாயல்பூர்லேர்ந்து வந்த குடும்பம். இவங்க திலோர் குலம்!"

"மண்ணெடுக்கத்தான் ஆகாது, செருப்பு காக்க மட்டும் நான் வேணும்" என்றார் நிர்வைல்.

எனக்குப் போன உயிர் வந்தது. அவர் அம்மா பக்கமும் என் அம்மா பக்கமும் வேறு வேறு குலம்தான், விசாரித்துவிட்டேன்.

தனியாகச் சாப்பிட்டால் ரொட்டி தொண்டையில் இறங்குவதில்லை. அம்மாவிடம் எலுமிச்சை ஊறுகாய் போடச் சொல்லுங்கள். தபாலில் வேண்டாம், நீங்களே கொண்டு வாருங்கள். வகுப்பு மணி அடித்துவிட்டது.

பாபுஜி, இந்த ஊரில் எனக்கு அண்ணன் முறை ஆகாதவர் ஒருவர் இருக்கிறார். வந்து பாருங்கள்.

உங்கள் மகள்,
சிம்ரத்